சவேரியார் மூன்றாவது சந்து

வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டுகளில் நான்கைப் பிடிக்க டப்பா ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒரு ஆளை வெட்டிச் சாய்க்க அவ்வளவு நேரம்கூட ஆகாது என்று நல்லதம்பி நினைத்துக்கொண்டான். கன்னிமார்பேட்டை பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பறைச் சுவரோரம், காலை பத்தரை மணி வெயிலில் நெஞ்சுக்கு நேராக அதை ஏந்தியபடி நின்றான். பார்க்கிறவர்களுக்குச் சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்கை கேட்க வந்தவன் மாதிரி இருந்திருக்கும். கையடக்கமான ஜிபிஎஸ் கருவி அது. மேப் கம்பெனியில் யாரும் அதை அந்தப் பெயரால் கூப்பிடமாட்டார்கள், டப்பாதான். தெருத்தெருவாக அதைத் தூக்கிக்கொண்டு நடந்து, முக்குக்கு முக்குப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இழுத்தால் திரையில் ஊர் ஒன்று முளைத்துவிடும். பதினாலு வருடமாக நல்லதம்பிக்கு அதுதான் பிழைப்பு. இந்தக் கன்னிமார்பேட்டையையும் ஆறு வருடத்துக்கு முன்னால் அவன்தான் வரைந்தான். இன்றைக்கு அதே ஊருக்குள் அதே டப்பாவோடு வந்திருக்கிறான். தோளில் தொங்கும் பையில் கருவேல முள் வெட்ட வைத்திருக்கும் அரிவாள் துண்டுக்குள் சுருண்டு கிடக்கிறது. செல்போனை வீட்டில் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு வந்தான். நாளைக்குப் போலீஸ் டவரைத் தோண்டினால் நல்லதம்பி நாள் முழுக்க வடுகநேரியில் படுத்துக் கிடந்தான் என்றுதான் இருக்கும். டப்பா யாரோடும் பேசாது. மேலேயிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், நீ இங்கே நிற்கிறாய் என்று உனக்கு மட்டும் சொல்லும். திரையில் அம்புக்குறி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கதவு எண் பதினாலு, சவேரியார் மூன்றாவது சந்து, ஒன்று புள்ளி நான்கு கிலோமீட்டர். அவன் நடக்க ஆரம்பித்தான்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். வாயைத் திறந்தால் ஜெயிலுக்குத்தான் போகவேண்டும், இன்றைக்கு. இந்தப் பக்கத்து ஊர்களில் டீக்கடையில் ஒரு தெருப் பெயரைக் கேட்டுப்பார், தெருவை விட்டுவிட்டு உன்னைத் துருவுவார்கள். யாரு வீட்டுக்கு, என்ன சோலி, எந்த ஊரு, இன்னார் மகனா. நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள், ஐந்தாவது ஆள் வா நானே கூட்டிப்போறேன் என்று கிளம்பிவிடுவான். அப்புறம் கோர்ட்டில் ஐந்து பேரும் வரிசையாக நின்று இவன்தானய்யா கேட்டான் என்பார்கள். வழி கேட்டுப் போய் ஒருத்தனைக் கொல்ல முடியாது. அதற்காகவே கடவுள் டப்பாவைப் படைத்தான் போலிருக்கிறது. நல்லதம்பி யாரையும் பார்க்காமல் நடந்தான். முதல் வெட்டு எங்கே? கழுத்தில் போட்டால் சத்தம் வராது. சத்தம் வரவேண்டும். பொண்டாட்டி செவந்தி கடைசியில் மூச்சுக்குப் பறந்தாளே, வாயைத் திறந்து திறந்து மூடினாளே, அதுபோல அவனும் பறக்கவேண்டும். அப்படியென்றால் முழங்காலுக்குப் பின்னால் முதலில். விழுவான். சவரிமுத்து, நிமிர்ந்து பாருடா, நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்கவேண்டும். தெரிகிறது என்று அவன் சொன்ன பிறகு மற்றது. கறிக்கடையில் தோலுரித்த ஆடு ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தொடையில் ஒரே போடு போட்டார், எலும்பு சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. அவருக்குப் பழக்கம். எனக்கு முள் வெட்டித்தான் பழக்கம் என்று நல்லதம்பி நினைத்துக்கொண்டான். முள்ளும் எலும்பும் ஒன்றா? ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். டப்பா பீப் என்றது. இடது பக்கம் திரும்பு. திரும்பினான்.

எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதத்தில் ஒரு நாள் தவறாமல் அவன் சவரிமுத்துவைக் கொன்றுகொண்டுதான் இருந்தான். பல் தேய்க்கும்போது, சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும்போது. சவரிமுத்து தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆம்புலன்ஸ் டிரைவர். செவந்திக்கு வீசிங் வந்து மூச்சு முட்டிய அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாரியக்கா போன் போட்டு வண்டியைக் கூப்பிட்டது. ஏழு நிமிடத்தில் வரவேண்டிய வண்டி முப்பது நிமிடம் கழித்து வந்தது. அதற்குள் முடிந்துபோனது. முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி ஆபீசில் விசாரணை என்று வைத்தார்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், எல்லார் முன்னாலும் டீ. சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னான், மேப்புல அரிசி மில்லுச் சந்து காட்டுச்சு சார், மெயின் ரோட்டுல கூட்டம், சந்து வழியாப் போனா ரெண்டு நிமிசம்னு உள்ள விட்டேன், கடைசில சுவரு சார், சந்தே இல்ல, பின்னாடி லோடு ஆட்டோ வந்து மாட்டிக்கிச்சு, ரிவர்ஸ் எடுத்து வெளிய வர இருபத்திரெண்டு நிமிசம். சுவர் என்ற சொல் காதில் விழுந்ததும் நல்லதம்பி மேஜையைத் தாண்டிவிட்டான். டீக்கோப்பை உடைந்தது. சவரிமுத்துவின் தொண்டைக்குழியில் பெருவிரல் இரண்டையும் வைத்து அழுத்தினது இப்போதும் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது, உள்ளே ஏதோ குருத்தெலும்பு நழுவியது. நான் மேப் போடுறவன்டா, என்கிட்டயே மேப்பப் பத்திப் பொய் சொல்றியா, குடிச்சிருக்கான் சார், குடிச்சிட்டு எங்கயோ வண்டிய நிறுத்தித் தூங்கியிருக்கான். அவன் குடித்திருந்தான் என்று நல்லதம்பிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அந்த நேரத்தில் வாயில் வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. குடித்த டிரைவர் என்றால் ஒருத்தனோடு கதை முடிந்தது. எழுதிக்கொண்டார்கள். மறுநாளே சவரிமுத்துவுக்கு வேலை போனது. வேலை போனால் போதுமா? செவந்தி போனாளே. விசாரணைத் தாளில் டிரைவரின் விலாசம் இருந்தது. அன்றைக்கே நல்லதம்பி அதை மனப்பாடம் செய்துவிட்டான்.

ஒரு சைக்கிள்காரன் மணியடிக்காமல் முழங்கையை உரசிக்கொண்டு போனான். ஏ, கண்ணு தெரியலயா என்று தொண்டை வரை வந்ததை நல்லதம்பி விழுங்கினான். ஊரார் கண்ணில் படக்கூடாது. தொள்ளாயிரம் மீட்டர். செவந்திக்கு மூச்சு முட்டும்போது நான் எங்கே இருந்தேன்? எங்கோ ஒரு ஊரில் ஒரு முக்கில் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். புள்ளி பதிவாகிறபோது அசையக்கூடாது, ஒரு நிமிடம் மரம் மாதிரி நிற்கவேண்டும், அசைந்தால் புள்ளி தெருவை விட்டு யார் வீட்டு அடுப்படிக்கோ போய்விடும். போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தபோது மாரியக்கா அழவில்லை, வெறுமனே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, செவந்திதான் பேசுகிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டான். கருமாதி அன்றைக்கு மாரியக்கா சொன்னது: சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு தம்பி, மில்லுப் பக்கமிருந்து, அந்த வண்டிச் சத்தம். இந்தா வந்துருச்சு இந்தா வந்துருச்சுன்னு அவளுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன், அவளும் வாசலையே பாக்குறா, சத்தம் அங்கயே நிக்குது, நகரவே மாட்டேங்குது. இதை நினைக்கும்போதெல்லாம் நல்லதம்பியின் நினைப்பு ஒரு இடத்தில் தடுக்கி நிற்கும். மில் பக்கமிருந்து. குடித்துவிட்டுத் தூங்குகிறவன் சைரனைப் போட்டுக்கொண்டா தூங்குவான்? போட்டுக்கொண்டு தூங்குவான், குடிகாரனுக்கு என்ன தெரியும். வண்டியை மில் பக்கம் நிறுத்திவிட்டு டீ குடித்திருப்பான், பீடி பிடித்திருப்பான், சைரனை அணைக்க மறந்திருப்பான். அப்படித்தான் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே. நல்லதம்பி வீட்டிலிருந்து அரிசி மில் அரைக் கிலோமீட்டர்கூடக் கிடையாது. எட்டு மாதத்தில் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. எதையும் நேரில் போய்ப் பார்க்கிறதுதான் அவன் வேலை. முன்பின் தெரியாத ஊர்களில் சாக்கடை முடிகிற இடம் வரை போய்ப் பார்த்தவன், இதைப் போய்ப் பார்க்கவில்லை. ஏன்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதற்குப் பார்க்கவேண்டும், எனக்குத் தெரியாத சந்தா அது.

தெரியாத சந்தா. கண்ணை மூடிக்கொண்டு நடப்பான் அதில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆரம்பித்து ஆஸ்பத்திரி ரோட்டில் போய் ஏறும், ஒரு பக்கம் மில் சுவர், இன்னொரு பக்கம் உமி மேடு, நடந்தால் நூற்றெண்பது எட்டு. நூற்றெண்பது என்று எப்படித் தெரியும்? கதிரேசனை இழுத்துக்கொண்டு போனபோது எண்ணினான். ஏழாம் வகுப்பு. கதிரேசன் நல்லதம்பியின் அப்பா மாதிரி காலை இழுத்து இழுத்து நடந்து காட்டி வகுப்பையே சிரிக்கவைத்தவன். சாயங்காலம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்துப்போய், ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு எண்ணாகச் சொல்லி, நூறு வந்ததும் அவன் மண்டையை மில் சுவரில் மோதினான். தேங்காய் உடைகிற சத்தம். சுவரிலிருந்து வெள்ளையாகத் தவிடு உதிர்ந்தது, ரத்தத்தில் தவிடு ஒட்டிக்கொண்டது. மறுபடி மோதினான். மூன்றாவது தடவை கதிரேசன் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் பயமாகிப்போய் அவனை அங்கேயே போட்டுவிட்டு மிச்ச எண்பது எட்டையும் எண்ணிக்கொண்டே ஓடினான். கதிரேசன் பிழைத்துக்கொண்டான், ஒரு காது மட்டும் போயிற்று. அப்பா அன்றைக்கு இடுப்பு பெல்ட்டை எடுத்தார். எதற்கு அடித்தாய் என்று கேட்டார், இவன் சொல்லவில்லை, அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது. வாங்கிக்கொண்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். ஊரில் எத்தனை தெரு மறந்தாலும் அந்தச் சந்து மட்டும் அப்படியே இருக்கிறது, எட்டு எட்டாக, தவிட்டு வாசனையோடு. டப்பா பீப் என்றது. ஐந்நூறு மீட்டர். இன்றைக்கும் ஆத்திரம்தான், ஆனால் எட்டு மாதம் ஆறப்போட்ட ஆத்திரம், புத்தியோடு சேர்ந்த ஆத்திரம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது அவனுக்கே முழுசாக ஒட்டவில்லை.

சர்ச் கோபுரம் தெரிந்தது. சவேரியார் தெரு அகலமாகத்தான் ஆரம்பித்தது, வீட்டுக்கு வீடு வாசலில் நட்சத்திர விளக்கு மாட்டிய கம்பி இன்னும் கழற்றாமல் தொங்கியது. முதல் சந்து போயிற்று. இரண்டாவது சந்தும் போயிற்று. இருநூறு மீட்டர், நூற்றைம்பது. பைக்குள் கையை விட்டுத் துண்டின் முடிச்சைத் தளர்த்தினான். இரும்பு சுடுவது போலிருந்தது, உண்மையில் குளிர்ந்துதான் கிடந்தது. கதவைத் தட்டவா, திறந்திருந்தால் நேரே உள்ளே போகவா. பொண்டாட்டி இருப்பாள். இருந்தால் பார்க்கட்டும். என் பொண்டாட்டி வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள், அவன் பொண்டாட்டி அவன் சாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பிள்ளைகள் இருக்குமோ? அதை நினைக்காதே. முழங்காலுக்குப் பின்னால் முதலில். நாற்பது மீட்டரில் வலது பக்கம் திரும்பு என்றது டப்பா. முப்பது. இருபது. பத்து. திரும்பு. நல்லதம்பி கையைப் பைக்குள் வைத்துக்கொண்டே வலது பக்கம் திரும்பினான், நெற்றி இடிக்காத குறையாகச் சுவர் நின்றது. பாசி பிடித்து, மேலே கண்ணாடிச் சில் பதித்து, ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம். சுவரடியில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு துவைக்கிற கல். திரையில் அம்புக்குறி சுவருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு துடித்தது. சந்து அங்கேதான் ஓடியது, திரையில், தடித்த மஞ்சள் கோடாக, மூன்றாவது சந்து என்று பெயரும் போட்டுக்கொண்டு. பதினாலாம் நம்பர் வீடு சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது மீட்டர். சாட்டிலைட் சரியாக விழவில்லையோ என்று டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கினான், கீழே இறக்கினான், நாலு எட்டுப் பின்னால் போய் முன்னால் வந்தான். எந்த மடையன் வரைந்தான் இதை? கெட்ட வார்த்தை ஒன்று வாய் நுனிக்கு வந்தது. வந்து, யாரைச் சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

மழை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழை. லாட்ஜ் ரூம், ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது, நல்லதம்பிக்குக் காய்ச்சல், போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். ஒரு நாளைக்கு எட்டுக் கிலோமீட்டர் முடிக்கவேண்டும், முடிக்காவிட்டால் மெட்ராஸ் ஆபீசிலிருந்து போன் வரும். கூட வந்தவன் மொபெட்டில் பெரிய தெருக்களை மட்டும் சுற்றிவிட்டு வந்தான். சின்னச் சந்துகளுக்கு நகராட்சியில் வாங்கிய காகித வரைபடம் இருக்கவே இருந்தது. அதைத் தொடையில் விரித்துப்போட்டு, பார்த்துப் பார்த்துக் கோடு இழுத்தான். இருக்கிற தெருவுக்கு நகராட்சிக்காரர்கள் முழுக்கோடு போட்டிருந்தார்கள். இனிமேல் போடப்போகிற தெருவுக்கு விட்டு விட்டுப் புள்ளிக்கோடு. சவேரியார் மூன்றாவது சந்து அந்தக் கோடியிலிருந்து பாதி வரை முழுக்கோடு, அதற்கப்புறம் இந்தத் தெரு வரை புள்ளிக்கோடு. இந்நேரம் போட்டிருப்பான் என்று சேர்த்து இழுத்துவிட்டான். ஒரு இழுப்பு. ஒரு நொடி. இந்த வேலையில் எல்லாரும் செய்கிறதுதான், டீக்கடை சர்வே என்று அதற்குப் பெயரே உண்டு. யாருக்கு என்ன நஷ்டம், எவனோ ஒருத்தன் முட்டிக்கொண்டு திரும்பிப் போவான். சரி. வெளியூரில் அப்படிச் செய்தாய். சொந்த ஊரில்? நல்லதம்பி சுவரைக் கையால் பிடித்துக்கொண்டான். சொந்த ஊரை யார் நடந்து பார்ப்பான்? வடுகநேரி வார்டு அவனுக்கு வந்தபோது கம்பெனியில் எல்லாரும் கேலி செய்தார்கள், மாப்பிள்ளைக்கு ரெண்டு வாரம் விருந்துச் சோறு என்று. நிஜமாகவே ஒரு தெருவும் நடக்கவில்லை. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு, செவந்தி கொண்டுவந்து வைத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, மொத்த வார்டையும் மனசிலிருந்து வரைந்தான். இதெல்லாம் பாக்காமயே தெரியுமா என்று அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணக் கட்டி விட்டாக்கூடப் போவேன் என்றான். அரிசி மில் சந்து, நூற்றெண்பது எட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி ரோடு வரை. அவன் அதில் கடைசியாக நடந்தது கதிரேசனை மோதிய அன்றைக்கு. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போனதில்லை. மில்லை யாரோ வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பியதாக எப்போதோ காதில் விழுந்திருக்கிறது. விழுந்தது, கேட்டுக்கொண்டான். கோட்டை அழிக்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டிகளில் மாட்டியிருந்தது எந்த மேப் என்று எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது கேட்டானா? எதற்குக் கேட்கவேண்டும். அந்த வார்டுக்கு இருந்தது ஒரே மேப்தான்.

இந்தா இது உனக்குத் தெரியும், இன்றைக்கு இல்லை, அந்த மேஜை முன்னால் சுவர் என்று அவன் சொன்ன நொடியிலேயே தெரியும் என்று உள்ளே ஏதோ சொன்னது. அதனால்தான் தாண்டினாய். அதனால்தான் அவன் தொண்டையைப் பிடித்தாய், அடுத்த வார்த்தை வெளியே வரக்கூடாது என்று. இவ்வளவு தெரிந்த பிறகும் கை அரிவாளை விடவில்லை, அதுதான் அவனுக்கு வியப்பாக இருந்தது. இன்னும் அந்தச் சவரிமுத்துவை வெட்டவேண்டும் போலத்தான் இருந்தது. அவனை வெட்டிவிட்டால் இதைத் தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தனும் இருக்கமாட்டான்.

"யாரு தம்பி வேணும்?"

குழாயடிக்குத் துணி மூட்டையோடு ஒரு பெண் வந்து நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மூணாவது சந்தா? நீயும் அந்தப் பொட்டியப் பாத்துத்தான் வந்தியா? மாசத்துக்கு ரெண்டு பேரு இங்க வந்து முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கேஸ் சிலிண்டர்காரன் வந்தான், கொரியர்காரன் வந்தான், போன வருசம் ஒரு கல்யாணக் கோஷ்டியே மேளத்தோட வந்து நின்னுச்சு. எவன் கண்ணுல கொள்ளிக்கட்ட விழுகவோ, இப்பிடிக் கோடு போட்டு வச்சிருக்கான். யாரு வீட்டுக்குப் போகணும்?"

சொல்லக்கூடாது என்று எட்டு மாதம் திட்டம் போட்ட பெயர் வாயிலிருந்து தானாக விழுந்தது. "சவரிமுத்து."

"நம்ம டிரைவர் வீடா?" என்றவள், அவன் தடுக்கும் முன்னால் துவைக்கிற கல்லில் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏ சவரி! உன்னத் தேடி ஆளு வந்திருக்கு. இங்க சுவத்துப் பக்கம் நிக்கிது!"

ஓடிவிடலாம். ஓடவில்லை. அந்தப் பக்கம் எதையோ இழுத்துப்போடும் சத்தம், அப்புறம் கண்ணாடிச் சில்லுகளுக்கு மேலே ஒரு தலை. தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் அந்த ஆபீஸ் ரூமில் பார்த்த கண். சவரிமுத்து இவன் முகத்தைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், பைக்குள் போயிருந்த கையைப் பார்த்தான்.

"அங்கயே நில்லுங்க சார். நான் சுத்தி வர்றேன்."

தலை மறைந்தது. சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும்? டப்பாவுக்குத் தெரியாது, அதற்கு வழி நேர் வழிதான். நல்லதம்பி நின்றான். அவன் முக்குத் திரும்பி வருகிறபோது ஒரே பாய்ச்சல். கல்லில் சோப்புப் போடுகிற இந்தம்மா கத்துவாள், கத்தட்டும். தேங்காய் உடைகிற சத்தம் கேட்கும். மில் பக்கமிருந்து நகராத சைரன் சத்தம். இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு. செவந்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் வந்துவிட்டான், லுங்கியும் மூட்டை தூக்கித் தோள் கிழிந்த பனியனுமாக, கையில் ஒன்றும் இல்லாமல், எட்டினால் வெட்டக்கூடிய தூரத்தில் வந்து நின்றான்.

"வெட்டத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியுது" என்றான் சவரிமுத்து. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அந்தச் சுவத்தப் போய்ப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஒரு தடவயாச்சும் போய்ப் பாத்திருக்கலாம்ல சார். உங்க ஊர்லதான இருக்கு."

நல்லதம்பி பையிலிருந்து கையை வெளியே எடுத்தான். வெறும் கை. அது யாருடையதோ போலத் தொங்கியது.

"பாக்க வேண்டியதில்ல" என்றான். "அந்தச் சந்த வரைஞ்சது நாந்தான். நடந்து பாக்காம வரைஞ்சேன். இந்தச் சந்தும் நாந்தான்."

சவரிமுத்துவுக்குப் புரிய நேரம் பிடித்தது. சுவரைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. அப்புறம் அறைந்தான். நல்லதம்பியின் தலை சுவரில் போய் மோதியது, பாசி கன்னத்தில் ஈரமாக அப்பியது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது, பல் உதட்டைக் கிழித்தது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. டப்பா சாக்கடையில் விழுந்தது. ஐயோ ஏசுவே, சவரி, முன்னப்பின்னத் தெரியாத ஆள அடிக்கிறியேடா என்று அந்தப் பெண் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தெரியும்க்கா, நல்லாத் தெரியும் என்று சவரிமுத்து அடித்துக்கொண்டே அழுதான். நல்லதம்பி கையை உயர்த்தவில்லை. பெல்ட்டை எடுத்த அப்பாவிடம்கூட இவ்வளவு பேசாமல் அடி வாங்கியதில்லை.

ஓங்கிய கை சட்டென்று நின்றது. சவரிமுத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"எம்பொண்டாட்டி எட்டு மாசமா எங்கூடப் பேசல சார். குடிச்சிட்டு ஒரு பொம்பளையக் கொன்னுட்டேன்னு அவளும் நம்பிட்டா. கோயில்ல முட்டி போட்டுச் சத்தியம் பண்ணேன், நம்பல. வாங்க. இப்ப எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லுங்க."

காலரைப் பிடித்தபடியே இழுத்துக்கொண்டு போனான். கிணற்றடியைச் சுற்றி, ஒரு மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, இரண்டு வீடுகளின் இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து வழி போயிற்று. எந்த மேப்பிலும் இல்லாத வழி. நல்லதம்பி தடுமாறித் தடுமாறி நடந்தான், சட்டையில் ரத்தம் சொட்டியது. எண்ணவில்லை. பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் இவன் முகத்து ரத்தத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்று சவரிமுத்து காலரை உலுக்கினான்.

நல்லதம்பி ரத்தத்தை விழுங்கினான். "அன்னைக்கு இவரு குடிக்கலம்மா. சந்து வழியாத்தான் வந்தாரு. அந்தச் சந்து அங்க இல்ல. இருக்குன்னு வரைஞ்சது நான். குடிச்சிருந்தாருன்னு பொய் சொன்னதும் நான்." புறங்கையால் வாயைத் துடைத்தான். "செத்தது எம்பொண்டாட்டிம்மா."

அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"நீ இதத்தான அன்னைக்கே சொன்ன?"

"சொன்னேன் ஸ்டெல்லா."

"நான் நம்பல." அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நான் நம்பவே இல்லையே."

சவரிமுத்துவின் கை காலரிலிருந்து தானாகக் கழன்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லதம்பியைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அவன் அந்த வீட்டு வாசலிலேயே, வெங்காயத் தோலுக்கு மேலே, சரிந்து உட்கார்ந்தான். செவந்தி செத்த நாளிலிருந்து அவன் ஒரு சொட்டுக்கூட அழுததில்லை, இப்போது அழுதான்.